சோம்பேறிப் பட்டமும் கொக்கிப் புழுவும்



1902-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நியூயார்க் நகரத்துப் பத்திரிகையான ‘சன்’ ஒரு விந்தையான செய்தியை வெளியிட்டது. சோம்பல் கிருமி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதா என்று அதன் தலைப்பு கேட்டது. படித்தவர்கள் சிரித்தார்கள். மற்றப் பத்திரிகைகள் அதை வைத்துத் துணுக்குகள் எழுதின. இந்தச் சிரிப்புக்கெல்லாம் ஆளானவர் சார்லஸ் வார்டெல் ஸ்டைல்ஸ் என்னும் விலங்கியல் அறிஞர். வாஷிங்டனில் நடந்த ஒரு சுகாதார மாநாட்டில் அவர் பேசியிருந்தார். ‘சோம்பல் கிருமி’ என்ற சொல் அவருடையதன்று. செய்தியாளர் கட்டிவிட்ட பெயர். அவர் சொன்னது வேறு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சோம்பேறிகள் என்று ஏசப்படும் ஏழைகளில் பலர் சோம்பேறிகளே அல்லர், நோயாளிகள். அவர்கள் குடலில் இரத்தம் குடிக்கும் புழு இருக்கிறது. இதுதான் அவர் சொன்ன செய்தி.

சோம்பேறிப் பட்டம் நமக்குப் புதியதன்று. காப்பி, தேயிலை, ரப்பர் என்று எந்தத் தோட்டத்தை எடுத்துக் கொண்டாலும், பெரட்டுக்களத்திற்குப் பிந்தி வந்தவனுக்கும், நிரையை முடிக்க முடியாமல் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டவளுக்கும் அந்தப் பட்டம் தயாராக இருந்தது. துரை சொன்னார், கிராணி சொன்னார், கங்காணி சொன்னார். பள்ளியில் பலகையைப் பார்த்தபடியே தூங்கி விழும் பிள்ளையை வாத்தியார் சொன்னார். கேட்டுக் கேட்டு நாமும் நம் பிள்ளைகளைச் சொல்லப் பழகிக் கொண்டோம். ஆகவே, கடல் கடந்த ஒரு நாட்டில் அந்தப் பட்டத்தை நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்த ஒருவரின் கதை நமக்கு வேண்டிய கதைதான்.

ஸ்டைல்ஸ் 1867-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்பிரிங் வேலி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மெதடிஸ்ட் சபைப் போதகர். இளைஞர் ஸ்டைல்ஸ் ஜெர்மனிக்குச் சென்று, ஒட்டுண்ணிப் புழுக்களைப் பற்றி அந்நாளில் உலகிலேயே அதிகம் அறிந்தவர்களில் ஒருவரான லாய்க்கார்ட்டிடம் லைப்சிக் நகரில் பயின்று, 1890-இல் டாக்டர் பட்டம் பெற்றார். நாடு திரும்பியதும் அவருக்குக் கிடைத்த வேலை மனித வைத்தியத்தில் அன்று. விவசாய இலாகாவின் கால்நடைப் பிரிவில். ஆடு, மாடு, நாய் ஆகியவற்றின் குடற்புழுக்களைப் பிரித்து அடையாளம் காண்பதே அவர் தொழில். அவர் பின்னால் செய்த பெரிய காரியத்திற்கு இதுவே அடிப்படை என்று நாம் கருதுகிறோம். கன்றுக்குட்டி மெலிந்து, வெளுத்து, மேயாமல் நின்றால் அதைச் சோம்பேறி என்று யாரும் திட்டுவதில்லை. வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மனிதப் பிள்ளைக்குக் கிடைக்காத நியாயம் கன்றுக்குட்டிக்குக் கிடைத்து வந்தது. அந்த நியாயத்தை மனிதனுக்கும் கொண்டு வந்தவர் ஸ்டைல்ஸ்.

கொக்கிப் புழுவை அவர் கண்டுபிடிக்கவில்லை. இத்தாலியின் மிலான் நகரில் துபினி என்ற மருத்துவர் இறந்துபோன ஒரு பெண்ணின் குடலில் அதை 1838-இலேயே கண்டார். 1880-இல் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோத்தார்டு ரயில் சுரங்கம் தோண்டிய தொழிலாளர்கள் இரத்தம் வற்றி விழுந்தபோது, அதற்கும் இந்தப் புழுவே காரணம் என்று தெரிந்தது. அதனால் ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் இதைச் சுரங்கக்காரர் நோய் என்றே எண்ணியிருந்தார்கள்.

புழு உடம்பிற்குள் எப்படிப் போகிறது? வாய் வழியாகத்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். எகிப்தில் கெய்ரோ நகரில் வேலை பார்த்த லோஸ் என்ற ஜெர்மானியர் ஒரு நாள் குஞ்சுப் புழுக்கள் நிறைந்த தண்ணீரைக் கையாளும்போது ஒரு சொட்டு அவர் கையில் சிந்தியது. அந்த இடம் சிவந்து, எரிந்து, அரித்தது. மனிதர் விவரமானவர். ‘தண்ணீர்தானே’ என்று துடைத்துவிட்டுப் போகாமல், தம் மலத்தைத் தாமே நாள்தோறும் சோதித்து வந்தார். சில வாரங்களில் அதில் கொக்கிப் புழுவின் முட்டைகள் தென்பட்டன. 1898-இல் அவர் இதை வெளியிட்டபோது நம்பாதவர்களே அதிகம். பிறகு மற்றவர்களும் சோதித்துப் பார்த்து ஒப்புக் கொண்டார்கள்: புழு தோலைத் துளைத்துக் கொண்டு நுழைகிறது.

அதன் பயணத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். புழு உள்ள ஒருவர் வெட்டவெளியில், மரத்தடியில் வெளிக்குப் போகிறார். மலத்தோடு முட்டைகள் மண்ணில் விழுகின்றன. ஈரமும் வெப்பமும் நிழலும் இருந்தால் ஓரிரு நாளில் முட்டை பொரிந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழு மனிதத் தோலுக்காகக் காத்து நிற்கிறது. நல்ல வெயிலும் வறட்சியும் அதைக் கொன்றுவிடும். ஆனால் காப்பிச் செடியின் அடியிலும் ரப்பர் மரத்தின் அடியிலும் வெயில் ஏது? வெறுங்காலோடு அங்கே யாராவது மிதித்தால், விரலிடுக்கின் மெல்லிய தோல் வழியாகப் புழு நுழைகிறது. அரிப்பும் கொப்புளமும் உண்டாகின்றன. சேற்றுப்புண் என்று நாம் விட்டுவிடுகிற அரிப்புகளில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கக் கூடும். உள்ளே போன புழு இரத்தத்தோடு இருதயத்திற்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் சென்று, மூச்சுக்குழலில் ஏறித் தொண்டைக்கு வந்து, எச்சிலோடு விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகிறது. குடலின் உட்சுவரைக் கவ்விக் கொண்டு இரத்தம் குடிக்கத் தொடங்குகிறது. ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தப் பிராணி சில ஆண்டுகள் வரையிலும் உயிரோடு இருக்கும். பெண் புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும்.

ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது ஒரு துளிதான். நூறு புழுக்கள் சேர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிலிட்டர் இரத்தம் போகும். மாதத்திற்கு 90 மில்லிலிட்டர். நல்ல சாப்பாடு உள்ள பெரியவர் தாக்குப் பிடிப்பார். சோறும் ரசமும் கருவாடுமாக வளரும் ஐந்து வயதுப் பிள்ளை எப்படித் தாங்கும்?

இனி அமெரிக்கா பக்கம் திரும்புவோம். 1899 ஆகஸ்டில் புவேர்ட்டோ ரிக்கோ தீவைப் பெரும் புயல் ஒன்று தாக்கியது. காப்பித் தோட்டங்களில் வேலை செய்த மலைவாசி ஏழைகள் வீடிழந்து பொன்ஸே நகருக்கு வந்து குவிந்தார்கள். அவர்களைக் கவனித்தவர் அமெரிக்க இராணுவத்தைச் சேர்ந்த பெய்லி ஆஷ்போர்டு என்ற இளம் மருத்துவர். வந்தவர்கள் மெழுகு போல வெளுத்திருந்தார்கள். பட்டினியால் வந்த வெளிறல் என்று எண்ணி அவர்களுக்கு நன்றாகச் சாப்பாடு போட்டார். வயிறு நிறைந்தது, நிறம் திரும்பவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அவர்களின் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது கொக்கிப் புழுவின் முட்டைகளைக் கண்டார். தீவெங்கும் மக்களைக் கொன்று கொண்டிருந்த ‘காரணமற்ற’ இரத்தசோகைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. 1904 முதல் அங்கே நடந்த இயக்கத்தில் சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேருக்கு மருந்து கொடுத்தார்கள். ஆஷ்போர்டின் பணியே தனிச் சொற்பொழிவுக்கு உரியது.

புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் டெக்சாசிலிருந்தும் வந்த புழுக்களை ஸ்டைல்ஸ் வரிசையாக வைத்துப் பார்த்தார். ஐரோப்பியப் புழுவின் வாயில் கொக்கி போன்ற பற்கள் இருந்தன. இவற்றின் வாயிலோ பற்களுக்குப் பதிலாக வெட்டும் தகடுகள். இது வேறு இனம் என்று 1902-இல் அறிவித்தார். பின்னர் அதற்கு ‘நெக்கேட்டர் அமெரிக்கானஸ்’ என்ற பெயர் நிலைத்தது. அமெரிக்கக் கொலையாளி என்று பொருள். பெயரில் அமெரிக்கா இருந்தாலும் பிறப்பு அங்கே அன்று. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றி வந்த கப்பல்களில் அதுவும் வந்து சேர்ந்தது என்பதே அறிஞர்களின் முடிவு. இதைச் சாக்காக வைத்துக் கறுப்பு மக்களைக் குறை சொன்னவர்களும் உண்டு. அவர்களை விலங்கிட்டுக் கப்பலில் ஏற்றியவர் யார் என்று அந்தக் குறைகாரர்கள் கேட்டுக் கொள்ளவில்லை. தென்னிந்தியாவிலும் மலாயாவிலும் பெரும்பாலாகக் காணப்பட்டதும் இதே இனம்தான்.

அதே 1902-இல் ஸ்டைல்ஸ் நுண்ணோக்கியைத் தூக்கிக் கொண்டு தென் மாநிலங்களில் பயணம் செய்தார். ஐரோப்பிய நூல்கள் சொன்னபடி சுரங்கங்களில் தேடினார், எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. பிறகு மணற்பாங்கான விவசாய நிலங்களுக்குப் போனார். அங்கே குடும்பம் குடும்பமாக நோய் இருந்தது. பிள்ளைகள் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாமல், முகம் வெளுத்து, வயிறு முன்தள்ளி, கண் மங்கி இருந்தார்கள். பதினாறு வயதுப் பையன் பத்து வயதுக்காரன் போலத் தோன்றினான். பல பிள்ளைகள் மண்ணைத் தின்றார்கள். ‘மண் தின்னிகள்’ என்று ஊரார் ஏளனமாக அழைத்தார்கள். இரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தால் மண், சாம்பல், அரிசி போன்றவற்றின் மீது இப்படி ஓர் ஆசை வரும் என்பதை இன்று மருத்துவர்கள் அறிவார்கள். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் மண் தின்று அடிவாங்கிய பிள்ளைகளை நாமும் அறிவோம். அடிக்க வேண்டிய குற்றமா அது?

சிரித்த பத்திரிகைகள் சிரித்துக் கொண்டே இருந்தன. தென் மாநிலத்துப் பெரிய மனிதர்களோ தங்கள் நாட்டை அவமானப்படுத்திவிட்டதாகக் கோபித்தார்கள். ஆறு ஆண்டுகள் ஸ்டைல்ஸ் ஊர் ஊராகப் பேசினார், பணம் கிடைக்கவில்லை. 1908-இல் கிராம வாழ்க்கையை ஆராய ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அமைத்த குழுவோடு அவரும் ரயிலில் போனார். வட கரோலினாவில் ஒரு நிலையத்தில், கால் இழுத்து நடந்த, வெளுத்து வளைந்த மனிதன் ஒருவனைக் குழுவினர் பார்த்தார்கள். இது என்ன பிறவி என்று ஒருவர் கேட்டார். இவனுக்குப் புழு நோய். ஐம்பது காசு மருந்தில், சில வாரங்களில் இவனை முழு மனிதனாக்கலாம் என்றார் ஸ்டைல்ஸ். கூட இருந்த வால்ட்டர் பேஜ் என்ற பத்திரிகையாசிரியர் அந்த மாநிலத்திலேயே பிறந்தவர். ஐம்பது காசு என்ற கணக்கு அவர் மனத்தில் தைத்தது. எண்ணெய்க் கோடீசுவரர் ராக்பெல்லரின் ஆலோசகர்களிடம் ஸ்டைல்சைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1909 அக்டோபரில் பத்து இலட்சம் டாலர் நிதியோடு ஒரு சுகாதாரக் குழு அமைந்தது. நிருவாகத்தை வைக்ளிஃப் ரோஸ் என்ற கல்வியாளர் ஏற்க, ஸ்டைல்ஸ் அறிவியல் செயலாளர் ஆனார்.

பதினொரு தென் மாநிலங்களில் வேலை நடந்தது. சோதித்த பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 40 பேர் அளவில் புழு உள்ளவர்கள் என்று தெரிந்தது. ஊர் ஊராக இலவச மருந்து முகாம்கள் போட்டார்கள். மக்கள் வண்டி கட்டிக் கொண்டு, சாப்பாட்டு மூட்டையோடு, திருவிழாவுக்கு வருவது போல வந்தார்கள். வரிசையில் நின்று நுண்ணோக்கியில் தங்கள் புழுவின் முட்டையைத் தாங்களே பார்த்தார்கள். ஆயிரம் பிரசங்கத்தைவிட அந்த ஒரு பார்வை அதிகம் சாதித்தது. வேடிக்கையும் இல்லாமல் இல்லை. வெறுங்காலால்தான் நோய் வருகிறது என்று சொல்லக் கேட்ட சிலர், ராக்பெல்லர் சப்பாத்து வியாபாரம் தொடங்கப் போகிறார், அதற்குத்தான் இவ்வளவு நாடகம் என்று பேசிக் கொண்டார்கள்!

கொடுத்த மருந்து எது தெரியுமா? தைமால். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் ஓமத்திற்கு மணத்தைக் கொடுக்கும் சத்துதான் அது. முதல் உலகப் போருக்கு முன்னர் இந்திய ஓமம் மூட்டை மூட்டையாக ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே தைமாலாக வடிக்கப்பட்டது. அதற்காக ஓமத் தண்ணீர் குடித்தால் கொக்கிப் புழு போய்விடும் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். அன்று கொடுத்தது பேதி உப்போடு சேர்த்து, அளந்து கொடுத்த கடுமையான மருந்து. எண்ணெய்ப் பண்டமோ மதுவோ உடன் சேர்ந்தால் அதுவே நஞ்சாகும். இன்று அந்த வைத்தியம் வழக்கில் இல்லை.

மருந்து கொடுப்பதில் ஸ்டைல்சுக்கு முழு நிறைவு இல்லை. மருந்து சாப்பிட்டவன் திரும்பிப் போய் அதே மண்ணை மிதித்தால் புழு மறுபடியும் ஏறத்தானே செய்யும்? குழுவினர் சுமார் இரண்டரை இலட்சம் கிராமத்து வீடுகளைப் பார்வையிட்டபோது, ஏறக்குறைய பாதி வீடுகளுக்கு எவ்விதக் கழிப்பறையும் இல்லை என்று கண்டார்கள். பள்ளிக்கூடங்கள், தேவாலயங்கள் பலவற்றின் நிலையும் அதுவே. ஸ்டைல்ஸ் இன்னும் இரண்டு அறிஞர்களோடு சேர்ந்து, ஏழைகள் கட்டிக் கொள்ளக்கூடிய மலிவான கழிப்பறை ஒன்றை வடிவமைத்தார். ஜெர்மனியில் பட்டம் பெற்ற அறிஞர் கக்கூஸைப் பற்றி ஊர் ஊராகப் பேசுவதா என்று கேலி செய்தார்கள். அவர் கூச்சப்படவில்லை.

இந்த வாழ்க்கையில் நமக்கு உடன்பாடில்லாத பகுதி ஒன்றும் உண்டு. அக்காலத்தில் தென் மாநிலப் பருத்தி ஆலைகளில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வேலை செய்தார்கள். அதைத் தடைசெய்ய வேண்டும் என்று ஒரு கூட்டத்தார் போராடினார்கள்; வெளிறிய அந்தப் பிள்ளைகளின் முகமே அவர்களுக்குச் சாட்சி. ஆலைகளைச் சோதிக்க அனுப்பப்பட்ட ஸ்டைல்ஸ், இந்த வெளிறலுக்குப் பெரும் காரணம் ஆலை அன்று, பிள்ளைகள் கிராமத்திலிருந்து கொண்டு வந்த புழு என்றார். கழிப்பறை இல்லாத குடிசையைவிட ஆலைக் குடியிருப்பு அவர்களுக்கு நல்லதுதான் என்றும் சொன்னார். ஆலை முதலாளிகளுக்குத் தேன் குடித்த மகிழ்ச்சி. புழுவைப் பற்றி அவர் சொன்னது உண்மை. ஆனால் இரத்தம் குறைந்த பிள்ளையைப் பத்து மணி நேரத்திற்கு மேல் இயந்திரத்தருகே நிறுத்துவது அதனால் நியாயமாகிவிடுமா? புழுவைத் தேடிப் பழகிய கண்ணுக்குக் கூலியும் வேலை நேரமும் தெரியாமல் போயின.

இதே குறை பின்னர் நம் பக்கமும் வந்தது. ராக்பெல்லர் பணி 1913-க்குப் பிறகு உலக நாடுகளுக்கு விரிந்தது. 1916-இல் இலங்கைத் தோட்டங்களில் மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். அங்கே மருந்துக்கு இசைந்த துரைமார்களில் பலர், கழிப்பறை கட்டும் செலவு என்றதும் பின்வாங்கினார்கள். தொழிலாளி தெம்பாக எழுந்து வேலை செய்ய மருந்து போதும். அவன் பிள்ளைக்கு அடுத்த மாதம் மீண்டும் புழு ஏறாதிருக்க அல்லவா கழிப்பறை?

மலாயாவிற்கு 1915-இல் ஒரு குழு வந்தது. தலைவர் சாமுவேல் டார்லிங். பனாமாக் கால்வாய் வெட்டிய காலத்தில் அங்கே ஆய்வுக்கூடம் நடத்தியவர். மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய இடங்களில் 1917 வரை ஆராய்ந்தார்கள். இங்கே தோட்டத் தொழிலாளர்களை, நம் தமிழர்களையும் சேர்த்து, சோதித்தார்கள். முட்டை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு அவர்கள் நின்றுவிடவில்லை. மருந்து கொடுத்து, அதன்பின் வரும் மலத்தைச் சேர்த்து வைத்து, கழுவி, புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். அருவருப்பான வேலைதான், ஆனால் பெரிய உண்மை ஒன்று அதிலிருந்து தெளிவாயிற்று. ஒருவரிடம் புழு உண்டா என்பதைவிட, எத்தனை உண்டு என்பதே முக்கியம். பத்து உள்ளவர் உலாவுவார். முந்நூறு உள்ளவர் படுப்பார். மலேரியாவும் கூடவே சேர்ந்து கொண்டால் உடம்பில் இரத்தம் என்று சொல்ல மிஞ்சுவது கொஞ்சம்தான். எல்லாரிடமும் புழு மண்டியிருக்கும் இடத்தில் ஒவ்வொருவராகச் சோதித்துக் காலம் போக்காமல் எல்லாருக்கும் ஒருசேர மருந்து கொடுக்கலாம் என்பது டார்லிங்கின் யோசனை. குழுவின் அறிக்கை 1920-இல் அச்சாயிற்று.

தைமாலுக்குப் பின் பல மருந்துகள் வந்து போயின. 1970-களிலிருந்து மெபெண்டசோல், அல்பெண்டசோல் என்னும் மாத்திரைகள் வழக்கத்திற்கு வந்தன. 2001-இல் உலகச் சுகாதாரப் பேரவை, நோய் மிகுந்த நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 75 பேருக்காவது புழு மருந்து கொடுப்பதை இலக்காக வைத்தது. எல்லாருக்கும் கொடுப்பதால் வளர்த்தியும் படிப்பும் எவ்வளவு மேம்படும் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. புழு மிகுதியாக உள்ள பிள்ளைக்கு மருந்து வேண்டும் என்பதில் வாதம் இல்லை. மாத்திரை புழுவைத்தான் தள்ளும். போன இரத்தத்தை மீட்க இரும்புச் சத்தும் நல்ல உணவும் தேவை. கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேளாமல் கொடுக்கக் கூடாது. பிள்ளையின் நகமும் நாக்கும் கண்ணிமையின் உட்புறமும் வெளுத்திருந்தால், படி ஏற மூச்சு வாங்கினால், மண்ணைத் தேடித் தின்றால், கிளினிக்கிற்குக் கூட்டிப் போய் மலச் சோதனையும் இரத்தச் சோதனையும் செய்யச் சொல்ல வேண்டும்.

ஸ்டைல்ஸ் 1931-இல் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1941 ஜனவரியில் காலமானார். அவருடைய இயக்கம் முழு வெற்றியா என்று கேட்டால், இல்லை. குழு 1914-இல் கலைந்தபோது பல மாவட்டங்களில் கழிப்பறை வேலை பாதியில் நின்றது, புழுவும் நின்றது. ஆனால் 2007-இல் ஹாய்ட் பிளீக்லி என்ற பொருளாதார அறிஞர் அந்தக் காலத்து மக்கட்தொகைக் கணக்கேடுகளைப் புரட்டி ஒரு கணக்குப் போட்டார். புழு அதிகமாக இருந்த பகுதிகளில், முகாம்கள் நடந்த பிறகு, பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளும், நாள் தவறாமல் வந்த பிள்ளைகளும், எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் மற்றப் பகுதிகளைவிட வேகமாகப் பெருகியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆளானபோது ஈட்டிய வருமானமும் கூடியிருந்தது. மண் தின்னிகள் என்று பேர் வாங்கியவர்களின் பிள்ளைகள் அவர்கள்.